மண் ஊதலும் திருச்சங்கும்



கோணேசப் பெருமானின் பூசைவேளைச் சங்கொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மூச்சை ஒலியாக்கி இறைவனுக்குப் படைக்கும் இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. உலகின் மறுகோடியிலே, தென்னமெரிக்காவின் அந்தீசு மலைநாட்டிலும் பண்டை மக்கள் இதனைப் போற்றினர்.

பெரு நாட்டிலே சவீன் தெ வாந்தர் என்னும் பழங்கோயில், கடல்மட்டத்துக்கு 3,000 மீற்றருக்கு மேலே இருக்கிறது. 2001ஆம் ஆண்டு அங்கே அகழ்ந்தபோது, ஓர் அறையிலே ஊதுவதற்கேற்ப நுனி வெட்டிய 20 சங்குகள் கிடைத்தன. கடற்சங்கை அவ்வளவு உயரத்துக்குச் சுமந்து சென்றோரின் பக்தியை என்னென்பது! பிற்காலத்தில் அந்நாட்டு வடகரையோர மோச்சே மக்கள் சங்கின் வடிவைக் களிமண்ணிலேயே செய்து, சுட்டு, ஊதினர்.

இவற்றினும் வியப்பானவை ஊதற்குடங்கள். இரண்டு மட்குடங்களைக் குழாயால் இணைத்து, ஒன்றிலே சிறிய ஊதலை அமைப்பர். நீர் ஊற்றிச் சரித்தால், நீர் ஓடிக் காற்றைத் தள்ள, குடம் பறவைபோற் கூவும். இத்தகைய குடங்களை இறந்தோருடன் புதைத்தும் வைத்தனர். நம் சிவாலயங்களிலே கார்த்திகைச் சோமவாரத்தில் சங்கிலே நீர் நிறைத்து அபிடேகம் செய்கிறோம்; மரணச் சடங்கிலும் சங்கு ஊதுகிறோம். நீரும் மூச்சும் உயிரின் அடையாளங்கள் அன்றோ!

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அக்குடங்கள் இன்று நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. நீரூற்றினால் இன்னும் கூவும். ஆனால் எந்தத் தெய்வத்தின் முன், எந்த மந்திரத்தோடு கூவின என்று சொல்ல ஒருவருமில்லை. அம்மக்கள் எழுதிவைக்கவில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அந்நாட்டை வென்றபின், பழைய வழிபாடுகள் ஒடுக்கப்பட்டன.

நம் கோயிலையும் 17ஆம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் இடித்தனர். ஆனால் 1950இல் வெண்கலத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டபோது, அவற்றை வரவேற்றுப் பூசையில் அமர்த்த அடியார்கள் இருந்தார்கள். 1963இல் கும்பாபிடேகமும் நிறைவேறியது. திருமேனியைக் காத்தது மண். வழிபாட்டைக் காத்தவர் மனிதர்.

இன்று பல கோயில்களில் மின்சார மணியும் பதிவுசெய்த ஒலியும் வந்துவிட்டன. ஆளியை அழுத்தினால் ஓசை பிறக்கும், ஊதுவோர் பிறக்கமாட்டார். சங்கு ஊதுதல் எளிதன்று. உதட்டை இறுக்கி, மூச்சை அடக்கிவிடப் பலநாட் பழக்கம் வேண்டும். அறிந்த பெரியோர் நம்மிடையே இருக்கும்போதே இளைஞர்கள் அதனைக் கற்றுக்கொள்வோமாக. நம் சங்கு கண்ணாடிப் பெட்டிக்குப் போகாதிருப்பது நம் மூச்சிலே இருக்கிறது.