பாடசாலையும் முகக்கவசமும்

(மந்தாரக்குப்பத்தில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)

  

நான் பேச வந்த விஷயம் சிறு துணியொன்றைப் பற்றியதே. ஆயினும் அதன் பயன் யாருக்கு என்பதில் நம்மிற் பலர் மயங்கியிருக்கின்றனர். லாரிகள் புழுதி கிளப்பிச் செல்லும் நம்மூர்ச் சாலையில் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்ளாதார் இல்லை. அது வெளியிலிருந்து உள்ளே வருவதைத் தடுக்கும் உபாயம். வகுப்பறையில் அணியும் முகக்கவசமோ, பெரும்பாலும் நம் உள்ளிருந்து வெளியே போவதைத் தடுப்பது. இருமும்போது மட்டுமன்று, பிள்ளைகள் உரக்கப் பாடம் ஒப்பிக்கும்போதும் நுண்ணிய திவலைகள் வாயினின்று புறப்படுகின்றன. அவற்றுள் மிகச் சிறியன தரையில் விழாமல் காற்றில் மிதக்கின்றன. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டே முருகனுக்குப் பூசை செய்வர். தம் வாய்க்காற்றுத் தெய்வத்தின்மேற் படலாகாது என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று என்பதற்காகவே இதனைச் சொன்னேன்.

கொரோனா வியாதியால் 2020 மார்ச்சில் அடைபட்ட நம் மாகாணத்துப் பள்ளிகளில், முதல் எட்டு வகுப்புக்கள் 2021 நவம்பர் 1ஆந் தேதிதான் திறக்கப்பட்டன. அப்போது முகக்கவசம் கட்டளையாயிருந்தது. இன்று அக்கட்டளை இல்லை. அதனாற் பயன் விளைந்ததா என்று கேட்போருக்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தைக் காட்டலாம். அங்கு 2022 பிப்ரவரி இறுதியில் கட்டளை நீங்கியபோது, பாஸ்டன், செல்சீ என்னும் இரண்டு ஊர்ப் பள்ளிகள் அதனை மேலும் சில காலம் விடாதிருந்தன. கவசத்தை நீக்கிய மற்றப் பள்ளிகளில் 15 வாரங்களுள் ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ 45 பேர் மிகுதியாக நோயுற்றனர் என்று வைத்தியர்கள் கணக்கிட்டனர். அப்பள்ளிகளுக்குள் வேறு பேதங்களும் இருந்தன என்று மறுப்போர் உளர், அம்மறுப்பைத் தள்ளிவிடுதற்கில்லை. ஆகையால், கவசத்தைச் சர்வரோக நிவாரணி என்று நான் கூறேன். ஜன்னலை அடைத்துவிட்டுக் கவசம் கட்டுவது அரைப் பயனே தரும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது வேண்டுவதில்லை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2020இல் கூறிய யோசனை.

இனி நம் குற்றத்துக்கு வருகிறேன். ஆண்டுதோறும் ஒருநாளேனும் தவறாது பள்ளி சென்ற பிள்ளைகளுக்கு நம் சங்கம் பரிசளித்து வருகிறது. நானும் கைதட்டியிருக்கிறேன். அப்பரிசுக்காகவே ஜுரத்தோடு பிள்ளையை அனுப்பிய வீடுகளை நான் அறிவேன். என் வீடும் அவற்றுள் ஒன்று. அருகிலிருந்த பிள்ளைகள் அச்சளியை வீட்டுக்குக் கொண்டுபோயினர். அவ்வீடுகளில் சுரங்கத்தில் உழைத்து மார்பு தளர்ந்த பாட்டனார்களும் இருந்தனர். பிள்ளைக்கு மூன்று நாளில் நீங்கும் ஜுரம் அவர்களுக்கு அப்படி நீங்குவதன்று.

ஆதலின், இவ்வாண்டு முதல் அப்பரிசை நிறுத்தவேண்டுமென்று பிரேரேபிக்கிறேன். ஜுரமுள்ள பிள்ளை வீட்டிலிருக்கட்டும். ஜுரம் நீங்கியும் இருமல் நீங்காத பிள்ளை சில நாள் கவசமணிந்து செல்லட்டும். ஏனெனில், இன்புளூயன்சாக் கிருமி பிள்ளைகளிடமிருந்து ஒரு வாரத்துக்கு மேலும் பரவக்கூடும். பரிசுக்கு ஒதுக்கிய பணத்தில் துணிக் கவசங்கள் தைக்கலாம். தையலறிந்த தாய்மார் இச்சபையில் பலர் இருக்கின்றனர். காரியதரிசி அவர்கள் இன்றே அவர்கள் பெயரை எழுதிக்கொள்ளக் கோருகிறேன்.