மூன்று மாதக் கணக்கு

(சங்கப் பொதுக்குழுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் இனிப்பைத் தொடாமல், விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தவன் நான். வெறும் வயிற்றுச் சர்க்கரை குறைந்தே வரும். ஆனால் எச்பிஏ1சி பரிசோதனையை ஏமாற்ற முடியாது. கடந்த 2, 3 மாதங்களின் சராசரியை அது சொல்லிவிடும். எனக்கு 8.4 வந்தது. டாக்டர் முன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அன்று முதல், நடந்த நாளுக்குக் காலண்டரில் ஒரு டிக், நடக்காத நாளுக்கு ஒரு வட்டம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடம், ஐந்து நாள் அரை மணி நடந்தாலே வந்துவிடும். அடுத்தடுத்து இரண்டு வட்டம் விழக்கூடாது என்பதே என் விதி. மாத்திரை அதேதான், சென்ற மாதம் 7.1.

நீங்களும் இன்றே தொடங்குங்கள். அடுத்த காலாண்டு இதழ் வரும்போது டிக்குகளை எண்ணுங்கள். உங்கள் மன உறுதிக்கு அதுதான் அளவுகோல்.