பாதம் காப்போம்



பெரியோரின் பாதம் தொட்டு வணங்குதல் நம் மரபு. அவ்வாறு குனியும்போது அப்பாதத்தை உற்றுப் பார்க்கவும் நாம் பழகவேண்டும் என்பதே இன்று நாம் கூற விரும்புவது.

நீரிழிவை நம்மவர் சலரோகம் என்பர். குருதியிற் சீனி பல்லாண்டுகள் மிகுந்து நின்றால் காலின் நரம்புகள் உணர்விழக்கும்; குருதிக் குழாய்கள் ஒடுங்கும். முள் தைத்தாலும் நோகாது. உண்டான புண்ணும் இலகுவில் ஆறாது. நோவில்லாமையால் அதனை அற்பமென எண்ணி விடுகின்றோம். கிருமி எலும்பு வரை சென்றபின் விரலையோ காலையோ இழக்க நேரிடுகின்றது.

அண்மைக் காலத்தில் ஆராய்ச்சியாளர் வேறொன்றையும் கவனித்துள்ளனர். பாதப் புண்ணுள்ள நீரிழிவு நோயாளரின் குருதியில் விற்றமின் டி குறைந்து காணப்படுவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. வெயில் படும்போது நம் தோலிலே உண்டாகும் இச்சத்து, எலும்புக்கு மட்டுமன்றிக் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலுக்கும் துணைசெய்வது. ஆயினும், குறைவினாற் புண் வந்ததா, புண்ணினால் வீட்டுக்குள் முடங்கி வெயில் காணாமையாற் குறைவு வந்ததா என்பது இன்னும் தெளிவாகவில்லை. ஈரான் நாட்டில் நடத்தி 2017 இல் வெளியிட்ட சோதனையொன்றில், 60 நோயாளரிற் பாதிப்பேருக்கு 12 வாரம் இச்சத்தை அளித்தபோது, அவர்தம் புண் மற்றையோரினும் கூடுதலாகச் சுருங்கிற்று. நம்பிக்கை தரும் செய்தியே. எனினும் சிறு சோதனை. வைத்தியரைக் கேளாது குளிகைகளை விழுங்குதல் தகாது. அளவு மிஞ்சினால் குருதியிற் கல்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

வெயில்தானே மருந்து, வெறுங்காலுடன் நடப்போம் என்று எவரும் எண்ணற்க. வெயில் முகத்திலும் கையிலும் படட்டும். பாதத்திற்குச் செருப்பு இருக்கட்டும். நண்பகலிற் கோயில் வீதியின் சுடுமணலில் வலம்வரும் அடியாருள், உணர்விழந்த பாதத்தார் கொப்புளம் கண்ட பின்னரே சுட்டதை அறிகின்றனர். நிலம் குளிர்ந்திருக்கும் காலையிலோ மாலையிலோ அவர்கள் வலம் வரலாம். பக்திக்கு அதனாற் குறைவில்லை.

இளைஞர்களே! கண்பார்வை மங்கிய, குனிய இயலாத பெரியோர் தம் உள்ளங்காலைத் தாமே காணமாட்டார். நாள்தோறும் விளக்கொளியில் அதனைப் பார்த்து, விரலிடைகளை ஈரமின்றித் துடைத்து, சிறு புண் கண்டாலும் தாமதியாது வைத்தியரிடம் அழைத்துச் செல்வது நம் கடமை. பெரியோர்களே! பிள்ளைகளுக்குத் தொல்லையென்று புண்ணை மறையாதீர்கள். இழந்த பாதத்தை எத்தொண்டு செய்தும் நாம் மீட்டுத் தர முடியாது.