தலைக்கு இருபது காசு
(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அகதிகளுக்காகப் பாட்டுக் கச்சேரி வைத்து நிதி திரட்டுகிறார்களே, அதனால் என்ன பயன் என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டே பதில் தேடுவோம்.

1971 மார்ச் 25 இரவு, பாகிஸ்தான் ராணுவ ஆட்சி கிழக்கு வங்காள மக்கள் மீது பாய்ந்தது. தேர்தலில் வென்றவர்களுக்கு ஆட்சியைத் தர மறுத்து, டாக்காவில் மாணவர்களையும் ஏழை எளியவர்களையும் சுட்டுத் தள்ளியது. 1970 நவம்பரில்தான் அந்த மண்ணைப் பெரும் புயல் சூறையாடியிருந்தது. உயிர் தப்பியவர்கள் இந்திய எல்லை தாண்டி வந்தார்கள். ஆண்டு முடிவதற்குள் வந்து சேர்ந்தவர்கள் சுமார் 1 கோடிப் பேர்! கல்கத்தா அருகே சால்ட் லேக்கில், சாக்கடைக்கென்று வைத்திருந்த பெரிய குழாய்களுக்குள்ளே குடும்பங்கள் குடியிருந்தன. முகாம்களில் காலரா பரவியது.

சிதார் மேதை ரவிசங்கரின் பூர்வீகம் கிழக்கு வங்காளம். நெஞ்சு பொறுக்காமல் அவர் தம் நண்பர், ஆங்கிலப் பாடகர் ஜார்ஜ் ஹாரிசனிடம் சொன்னார். 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் இரண்டு கச்சேரிகள் நடந்தன. கிழக்கு வங்காளத்தில் பிறந்த அலி அக்பர் கான் சரோத் வாசித்தார். அல்லா ரக்கா தபலா. பாப் டிலன் பாடினார். சுமார் 40,000 பேர் கேட்டார்கள்.

வசூல் 2,43,418 டாலர். ஐ.நா. குழந்தைகள் நிதிக்குப் போயிற்று. கணக்குப் பாருங்கள்: 1 கோடிப் பேருக்குப் பங்கிட்டால், அன்றைய மதிப்பில் தலைக்கு இருபது காசு கூடத் தேறாது.

அப்படியானால் வீண்தானா? இல்லை. அந்த ராணுவ ஆட்சிக்குத் துணை நின்றது அமெரிக்க சர்க்கார். அதன் ஆயுதங்களும் போய்க்கொண்டிருந்தன. அந்நாட்டின் மாநகரிலேயே, அந்நாட்டு இளைஞர்கள் முன்னால், பங்களாதேஷ் என்ற பெயர் முழங்கியது. அதுவே பெரிய வசூல்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்தக் கச்சேரியின் இசைத்தட்டு விற்ற பணத்தில் பெரும்பகுதி, அமெரிக்க வரித் தகராறில் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்தது. பசித்த வயிறு பல ஆண்டுகள் காத்திருக்குமா?

நம் நாட்டிலோ, 1971 நவம்பர் முதல் கடிதங்களுக்கு ஐந்து காசு அகதி நிவாரணத் தபால்தலை கூடுதலாக ஒட்ட வேண்டியிருந்தது. ஊருக்குக் கடிதம் போட்ட ஆலைத் தொழிலாளியும் அந்த ஐந்து காசைக் கொடுத்தார். அவருக்கு மேடை இல்லை, கைதட்டல் இல்லை. ஆனாலும் அது வங்காள அகதிக்கு அவர் நீட்டிய கைதான்.

ஆனால், தோழர்களே, அகதிகளை வீடு திரும்ப வைத்தது கச்சேரியும் அல்ல, தபால்தலையும் அல்ல. 1971 டிசம்பர் 16 அன்று டாக்காவில் ராணுவ ஆட்சி சரணடைந்தது. அடுத்த சில மாதங்களில் பெரும்பாலோர் மூட்டை முடிச்சுகளோடு தம் மண்ணுக்கு நடந்தார்கள். நிவாரணம் உயிரைக் காத்தது. விடுதலைதான் ஊரைத் திருப்பித் தந்தது.

ஆகவே, அகதிகளுக்காக எங்கே கச்சேரி நடந்தாலும் போவோம். முடிந்த காசைப் போடுவோம். அது பிச்சையல்ல, உழைப்பாளிக்கு உழைப்பாளி செய்யும் கடமை. போட்ட காசு போய்ச் சேர்ந்ததா என்று கணக்குக் கேட்போம். கூடவே, இவர்களை வீட்டைவிட்டு விரட்டியவன் யார் என்றும் உரக்கக் கேட்போம்!