கடைசி வரிசையைக் காணோம்

அங்கிக்குள் வியர்த்துக்கொண்டிருக்கும் பட்டதாரிகளே!

இதே கல்லூரியில் நான் படித்தது வரலாறு. இன்று சோறு போடுவது ப்ரோகிராமிங். அந்தத் தைரியத்தில்தான் வணிகவியல், தமிழ், விலங்கியல் படித்த உங்களிடமும் ‘கொஞ்சம் கோடிங் பழகுங்கள்’ என்று சொல்ல வந்திருக்கிறேன். ‘அதெல்லாம் கணக்குப் புலிகளுக்கு, மேடம்’ என்று பின்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது.

கணக்கை விடுங்கள், கோலத்துக்கு வாருங்கள். மார்கழியில் கோலப் புத்தகம் புரட்டியிருப்பீர்கள். கோலத்துக்கு அடியில் ஒரே வரி இருக்கும்: ‘இடைப்புள்ளி 7 – 4’. நடுவில் ஏழு புள்ளி. மேலேயும் கீழேயும் இடைவெளி பார்த்து ஆறு, ஐந்து, நான்கு. அதோடு நிறுத்து. மொத்தம் 37 புள்ளி. எங்கே தொடங்குவது, எவ்வளவு குறைப்பது, எப்போது நிற்பது, எல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடக்கம். ப்ரோகிராமர்கள் இதை லூப் என்பார்கள். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிரித்திவாசனோடு சேர்ந்து, கோலத்துக்கு இலக்கணம் வகுத்துக் கணினி வரைகலை ஆய்விதழில் 1974-லேயே கட்டுரை எழுதிவிட்டார்கள்.

பைத்தான் என்ற ப்ரோகிராமிங் மொழியைக் கற்ற முதல் வாரம் நானும் இந்தக் கோலத்தைத்தான் எழுதிப் பார்த்தேன். 7-இலிருந்து 4 வரை ஒவ்வொன்றாகக் குறை என்று கட்டளை. ஓட்டினேன். எரர் எதுவும் வரவில்லை, ஒரே பெருமை. காபி கொண்டுவந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு, “என்னடி, கடைசி வரிசையைக் காணோம்?” என்றார். எண்ணினால் 29. பைத்தானில் ரேஞ்ச் என்ற கட்டளை நாம் சொல்லும் கடைசி எண்ணைத் தொடாது. 4 என்றால் 5-உடன் நின்றுவிடும். 4 இருந்த இடத்தில் 3 போட்டதும் சரியாகிவிட்டது. அம்மா கணினியைத் தொட்டதே இல்லை.

‘இப்போதுதான் ஏஐ எழுதித் தருகிறதே?’ தருகிறது, நானும் தினமும் வாங்கிக்கொள்கிறேன். வாங்கியதில் கடைசி வரிசை இருக்கிறதா என்று பார்க்க அம்மா மாதிரி ஓர் ஆள் வேண்டும். எனக்குச் சம்பளமே பெரும்பாலும் அதற்குத்தான்.

பைத்தான் இலவசம், ஃபோனிலேயே பழகலாம். இன்று போட்டோவெல்லாம் எடுத்து முடித்து, அங்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு (மறந்தால் அபராதம்!), வீட்டுக்குப் போய் இடைப்புள்ளி 7 – 4 எழுதிப் பாருங்கள். முதலில் எல்லா வரிசையும் இடப்பக்கம் ஒட்டிக்கொண்டு படிக்கட்டு மாதிரி நிற்கும். ஒவ்வொரு வரிசைக்கும் முன்னால் எத்தனை இடம் விடுவது என்று யோசியுங்கள். 37 வந்துவிட்டதா? அடுத்து 15 – 8. சரியாக எழுதியிருந்தால் இரண்டே எண்ணை மாற்றினால் போதும்.