வெயில் காணாத காளான்

வெயிலுக்குப் பஞ்சமில்லாத நாடு இந்தியா. ஆயினும் உயிர்ச்சத்து 'டி' பற்றாக்குறை நகரங்களிலும் கிராமங்களிலும் பரவலாகக் காணப்படுகிறது. பகல் முழுவதும் அறைகளுக்குள் பணிபுரிவோரின் தோலில் போதிய புற ஊதாக் கதிர் படுவதில்லை. இச்சத்துக் குறைந்தால் உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் சரிவர ஏற்பதில்லை. குழந்தைகளின் கால் எலும்புகள் வளைகின்றன. வயது வந்தோருக்கு நாளொன்றுக்கு 600 சர்வதேச அலகு, அதாவது 15 மைக்ரோகிராம், தேவையென 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைத்தது.

மரக்கறி உணவினருக்கு இச்சத்தைக் காளான் அளிக்கும் என்று சொல்லப்படுவதுண்டு. இது பாதி உண்மையே. காளானில் இருப்பது எர்கோஸ்டிரால் என்னும் மூலப்பொருள். புற ஊதாக் கதிர் பட்டாலன்றி அது 'டி2' ஆக மாறுவதில்லை. இமாசலப் பிரதேசத்துச் சோலன் வட்டாரக் கூடங்களிலும், அரியானாவின் சோனிப்பட் பகுதியில் குளிர்காலத்தில் எழும் கீற்றுக் கொட்டகைகளிலும், மொட்டுக் காளான் இருட்டில்தான் வளர்க்கப்படுகிறது. அவ்வாறே உறையிலிட்டுச் சந்தைக்கு வரும் காளானில் இச்சத்து மிகமிகக் குறைவு.

இக்குறையைப் போக்க இயந்திரம் ஏதும் வேண்டியதில்லை. காளானை நறுக்கி நண்பகல் வெயிலில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் பரப்பி வைத்தால், 100 கிராமில் சுமார் 10 மைக்ரோகிராம் வரையிலும் 'டி2' உண்டாகக்கூடும். சமைத்தாலும் அதில் பெரும்பகுதி எஞ்சும். சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயில் பயன்படாது; தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காளான் வளர்ப்புப் பயிற்சிகளில் விதை, உரம், விற்பனை ஆகியவற்றுடன் இதனையும் கற்பிப்பது அலுவலர்களுக்குக் கடினமன்று. காளானில் ரிபோஃபிளேவின், நியாசின், செலினியம், தாமிரம் ஆகியனவும் உண்டு. புரதமோ 100 கிராமில் 3 கிராம் அளவே. பருப்பின் இடத்தை அது பிடிக்காது. பி12 சத்துக்கும் அதனை நம்பியிருக்கலாகாது.

பற்றாக்குறை முற்றியவர்களுக்கு உணவு மட்டும் போதாது, மருந்து வேண்டும். மருத்துவர்கள் வழக்கமாக 60,000 அலகு கொண்ட பொட்டலத்தையோ மாத்திரையையோ வாரம் ஒன்றாகச் சில வாரங்களுக்கு எழுதித் தருகின்றனர். சத்து மருந்துதானே என்று அதை நாள்தோறும் உண்போர், நாளொன்றுக்கு 4,000 அலகு என்ற உச்சவரம்பைப் பதினைந்து மடங்காக்குகின்றனர். கொழுப்பில் கரையும் இச்சத்து, மிகுதியானால் சிறுநீரில் எளிதில் வெளியேறாமல் உடலிலேயே தங்கும். இரத்தத்தில் கால்சியம் மிகுந்து சிறுநீரகம் பழுதடையவும் கூடும். ஆகவே, 'வாரம் ஒரு முறை மட்டும்' என்னும் சொற்களை நோயாளி படிக்கத்தக்க மொழியில் மருந்து உறையின் மீதே எழுதித் தருதல் வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கென்று தனிச் செலவு எதுவும் ஆகாது.