பிள்ளையை விட்டுத் திரும்பிய தந்தை

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சீவக சிந்தாமணியைப் பற்றிப் பேசவேண்டும் என்று செயலாளர் கேட்டார். பிள்ளைகளை எந்த அளவுக்குக் கண்காணிக்கலாம் என்பதைப் பற்றிப் பேசுங்கள் என்று மகளிர் அணியினர் கேட்டனர். இரண்டும் வெவ்வேறு பொருள் என்றே முதலில் எண்ணினேன். பாபநாசத்தில் குடியிருப்பவனுக்கு அவ்விரண்டையும் இணைக்கும் ஓர் ஊர் அருகிலேயே இருக்கிறது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அது உத்தமதானபுரம். உ.வே. சாமிநாதையரின் ஊர்.

1887ஆம் ஆண்டில் அவர் சிந்தாமணியைப் பதிப்பித்தார் என்பதும், அதற்காகக் குடந்தையில் வாழ்ந்த சமணப் பெருமக்களின் இல்லந்தேடிச் சென்று சமயச் சொற்களுக்கும் வழக்கங்களுக்கும் பொருள் கேட்டறிந்தார் என்பதும் இவ்வவை அறிந்த செய்திகள். உங்கள் முன்னோர் கற்றுக்கொடுத்தனர். அவர் மாணவராக அமர்ந்து கற்றுக்கொண்டார். சைவ மடத்தில் தமிழ் பயின்ற ஒருவருக்கு அப்படி அமரும் மனம் எங்கிருந்து வந்தது என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையரை நாம் போதிய அளவு நினைப்பதில்லை.

வேங்கடசுப்பையர் இசைவாணர், கனம் கிருஷ்ணையரின் மாணவர். மகனும் இசையில் வல்லவனாக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. மகனுக்கோ தமிழின்மேல் காதல். பொருள் வளமற்ற குடும்பம். ஆயினும் மகனுக்குத் தமிழ் சொல்லித்தருவார் இருக்கும் இடந்தேடி அத்தந்தை அலைந்தார். அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று ஊர் மாறினார். அக்காலத்தில் மகன் தந்தையின் கண்பார்வையிலிருந்து விலகியதே இல்லை எனலாம். இது கண்காணிப்புத்தான். நம்மில் எவரும் பிள்ளைக்காக இத்தனை முறை வீடு மாற்றியிருக்க மாட்டோம்.

1871ஆம் ஆண்டில் மகனுக்கு 16 வயது. திருமணமும் முடிந்திருந்தது. மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் அவரை அழைத்துச் சென்று ஒப்படைத்துவிட்டுத் தந்தை ஊர் திரும்பினார். இனி என்ன படிக்கிறான், எவரோடு பழகுகிறான் என்று நாள்தோறும் அறிய வழியில்லை. கடிதம் எழுதினாலும் உடனே மறுமொழி வந்துவிடாது.

மாயூரத்தில்தான் கோபாலகிருஷ்ண பாரதியார் இருந்தார். தந்தையின் விருப்பப்படி அவரிடம் இசை பயிலத் தொடங்கினார் மகன். பிள்ளையவர்கள் அதை விரும்பவில்லை என்று தெரிந்ததும் இசைப்பயிற்சியை நிறுத்திவிட்டார். இசையே வாழ்வாகக் கொண்ட தந்தைக்கு அது எளிதாக இருந்திருக்காது. ஆயினும் மகன் தமிழின் வழியிலேயே சென்றார். 1880ஆம் ஆண்டில் குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியரானார். அதே ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். சிந்தாமணி அவர் கைக்கு வந்தது. மகன் இசைவாணராக வேண்டும் என்று தந்தை பிடிவாதமாக நின்றிருந்தால் சிந்தாமணி யார் கையில் எப்போது அச்சேறியிருக்கும் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

சிந்தாமணிக் கதையிலும் இப்பொருள் உண்டு. கந்துக்கடன் வீட்டில் வளரும் சீவகனுக்கு அவனுடைய பிறப்பின் வரலாற்றை ஆசிரியர் அச்சணந்தி கூறுகிறார். தந்தையைக் கொன்றவன் கட்டியங்காரன் என்று அறிந்ததும் இளைஞனின் சினம் பொங்குகிறது. ஓராண்டுக் காலம் அவன்மேல் போருக்குச் செல்லலாகாது என்று ஆசிரியர் உறுதி பெறுகிறார். வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் நான் இங்கே நிறுத்துவேன். ஆசிரியர் உண்மையை மறைக்கவில்லை. தடை விதித்தார், காரணம் சீவகனுக்கு விளங்கியது, அத்தடைக்கு ஓர் எல்லையும் இருந்தது. 'நான் சொல்லும்வரை' என்று அவர் சொல்லவில்லை, ஓராண்டு என்றார். பின்னர்க் கட்டியங்காரனின் ஆட்கள் கட்டிப்பிடிக்க வந்தபோது, எதிர்க்கும் ஆற்றல் இருந்தும் அவ்வாக்கை எண்ணிச் சீவகன் அடங்கி நின்றான். ஆசிரியர் அப்போது அருகில் இல்லை. எவரும் பார்க்காதபோதும் தடை நின்றது.

இலக்கியம் இவ்வளவு போதும். என் வீட்டுக்கதைக்கு வருகிறேன். தமிழாசிரியன் தன் குறையைத் தானே சொல்வது அரிது, இன்று சொல்லிவிடுகிறேன்.

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது சென்னைக்குச் சென்று படிக்க விரும்பினாள். மறுத்துவிட்டேன். விடுதி வேண்டாம், நகரம் வேண்டாம், நாள்தோறும் தொடர்வண்டியில் குடந்தைக்குச் சென்று மாலை வீடு திரும்பு என்றேன். பாபநாசத்திலிருந்து குடந்தை அரைமணி நேரப் பயணம். அவள் வாதாடவில்லை, ஒப்புக்கொண்டாள். அந்த ஒப்புதலை நான் பணிவு என்று தவறாகக் கருதினேன்.

முதலாண்டில் அவளுடைய தோழியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. உறையைப் பிரித்துப் படித்தேன். திரும்ப ஒட்டி மேசைமேல் வைத்தேன். அதில் ஒன்றுமே இல்லை. தேர்வு, விடுதிச் சாப்பாடு, ஒரு திரைப்படம், அவ்வளவுதான். மகள் வந்து உறையை எடுத்தாள். பசையின் ஈரத்தைத் தடவிப் பார்த்தாள். என்னை ஒருமுறை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

அதன்பின் அவள் என்னிடம் பொய் சொன்னதில்லை. எதையும் சொல்லவில்லை என்பதே உண்மை. 'இன்று கல்லூரி எப்படி?' என்றால் 'நன்றாக இருந்தது அப்பா' என்பாள். வீடு அமைதியாக இருந்தது. அதைக் கண்டு நான் நிறைவடைந்தேன்.

அவளுக்குத் திருமணமாகிப் பல ஆண்டுகள் கழித்து, அவள் தாய்வழியாக ஒன்று தெரியவந்தது. இரண்டாமாண்டில் மூன்று மாதக்காலம் ஓர் ஆள் தொடர்வண்டியில் அவளைப் பின்தொடர்ந்திருக்கிறான். அவள் பெட்டி மாற்றினால் அவனும் மாறுவான். நிலையத்திலிருந்து எங்கள் தெருமுனைவரை வந்திருக்கிறான். உடன் வந்த இரு பெண்கள் அவளை நடுவில் வைத்து அழைத்துவந்திருக்கின்றனர். கடைசியில் பயணச்சீட்டுப் பரிசோதகர் ஒருவரிடம் அப்பெண்களே முறையிட்டு அவனை விரட்டினர். என் மகளைக் காத்தவர்கள் அவர்கள், நான் அல்லேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று அவளையே கேட்டேன். 'சொல்லியிருந்தால் மறுநாளே படிப்பை நிறுத்தியிருப்பீர்கள் அப்பா' என்றாள். மறுக்க இயலவில்லை. நிறுத்தியிருப்பேன். கடிதத்தைப் பிரித்தவனுக்கு அவள் கல்லூரிக்குப் புறப்படும் நேரம் தெரியும், திரும்பும் நேரம் தெரியும், தோழி பார்த்த திரைப்படம்கூடத் தெரியும். தெரிந்திருக்க வேண்டிய ஒன்று மட்டும் தெரியாமற்போயிற்று.

தாய்மார்களே, காவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குடமுருட்டியில் தண்ணீர் வரும் நாளில் நீந்தத் தெரியாத பிள்ளையைத் தனியே அனுப்பும் பெற்றோர் எங்கள் ஊரில் இல்லை. ஆனால் கரையிலேயே நிறுத்திவைத்த பிள்ளைக்கு நீச்சல் வந்ததும் இல்லை. எங்கள் காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி ஆற்றில் இறக்குவார்கள். சில நாளில் குடுக்கையைக் கழற்றுவார்கள். பெரியவர் ஒருவர் இடுப்பளவு நீரில் நிற்பார். பிறகு அவர் படித்துறையில் அமர்ந்துகொள்வார்.

குழந்தை உரிமைகள் பற்றிய ஐ.நா. உடன்படிக்கை 1989இல் நிறைவேறியது. 1992இல் இந்தியா அதை ஏற்றது. பிள்ளையின் வளர்ந்துவரும் திறனுக்கு ஏற்பவே பெற்றோர் வழிகாட்ட வேண்டும் என்கிறது அதன் 5ஆம் பிரிவு. படித்துறைப் பெரியவர் அதைப் படித்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கும். நம் வீடுகளில் கண்காணிப்பு என்பது பெரும்பாலும் மகளுக்குத்தான். அவள் கைப்பேசியை நள்ளிரவில் எடுத்துப் பார்க்கிறோம். பதினாறு வயது மகனிடம் இருசக்கர வண்டியின் சாவியைப் பெருமையோடு கொடுக்கிறோம். அவன் இரவு எங்கே போனான் என்று கேட்பதில்லை. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு நீக்கப்படும். என் மாணவர்களில் இருவரை நான் சாலையில் இழந்திருக்கிறேன். இருவரும் ஆண் பிள்ளைகள். தேவையற்ற இடத்தில் ஆயிரங்கண்ணும், தேவைப்பட்ட இடத்தில் குருட்டுத்தனமும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

இப்போது என் மகளே பதினான்கு வயதுப் பெண்ணுக்குத் தாய். அவள் வீட்டு ஏற்பாட்டைக் கேட்டுச் சற்று வியந்தேன். இரவு ஒன்பதரைக்குமேல் எல்லாக் கைப்பேசியும் கூடத்து அலமாரியில். மாப்பிள்ளையுடையதும் அதில் அடக்கம். பேத்தி இருக்கும் இடம் தாய்க்குத் தெரியும். தாய் இருக்கும் இடமும் பேத்திக்குத் தெரியும். செய்திகளைத் தாய் திறந்து படிப்பதில்லை. படிக்க வேண்டிய நிலை வந்தால் முன்னதாகச் சொல்லிவிட்டு, அவளை அருகில் வைத்துக்கொண்டே படிப்பேன் என்று சொல்லியிருக்கிறாள். இவ்விதிகளை ஒவ்வொரு பிறந்தநாளிலும் உட்கார்ந்து திருத்துகிறார்கள். அச்சணந்தியின் ஓராண்டு எனக்கு நினைவுக்கு வந்தது. மகள் சிந்தாமணி படித்தவள் அல்லள், கணக்குப் படித்தவள்.

சென்ற கோடை விடுமுறையில் பேத்தி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். குடந்தையில் இருக்கும் அத்தை வீட்டுக்குத் தனியாகத் தொடர்வண்டியில் போகவேண்டும் என்றாள். அதே நிலையம், அதே வழித்தடம். நான் மகளைப் பார்த்தேன். அவள், 'தாத்தாவையே கேள்' என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பயணச்சீட்டு எடுத்துக்கொடுத்தேன். அருகில் யாரேனும் தொல்லை கொடுத்தால் 139 என்னும் எண்ணை அழைக்கலாம் என்றேன். எது நடந்தாலும் என்னிடம் சொல்லலாம், சொன்னதற்காக அடுத்த பயணம் நிற்காது என்றும் சொன்னேன். 'நான் போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறேன், நடுவில் நீங்கள் கூப்பிடக்கூடாது' என்றாள். வண்டி புறப்பட்டது. நடைமேடை இருக்கையில் அமர்ந்தேன். சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை இரண்டுமுறை வெளியே எடுத்தேன். இரண்டு முறையும் உள்ளே வைத்தேன். முப்பத்தைந்தாவது நிமிடம் மணி அடித்தது.